கால் ஆடாத நாற்காலி: பச்சை மரத் தச்சு வணிகருக்குச் சொல்லும் கணக்கு

நாற்காலி ஆடுகிறது என்ற புகாரைக் கேட்காத மரச்சாமான் கடைக்காரர் இருக்க முடியாது. பீரோவும் கட்டிலும் வைத்த இடத்தில் இருப்பவை. நாற்காலி அப்படியல்ல. அதை இழுக்கிறோம், தள்ளுகிறோம், பின்னங்கால் இரண்டில் நிறுத்திச் சாய்கிறோம், பல்பு மாட்ட அதன் மேல் ஏறி நிற்கிறோம். ஓர் ஆளின் முழு எடையையும் தாங்கி நிற்பவை கட்டை விரல் பருமனுள்ள சில குறுக்குக் கம்புகளும், அவை காலுக்குள் நுழையும் ஓர் அங்குல ஆழத் துளைகளும்தான். வாங்கிய ஆறாம் மாதம் அந்தத் துளை தளர்ந்தால் வாடிக்கையாளர் நேரே வருவது நம் கடைக்கே.

"பசை சரியில்லை", "ஆணி போதவில்லை", "ஆசாரி அவசரத்தில் செய்துவிட்டார்" என்று நாம் சமாதானம் சொல்கிறோம். பெரும்பாலும் உண்மைக் காரணம் இவை அல்ல. மரத்துக்குள் ஊறிக் கிடக்கும் தண்ணீர்தான் காரணம். அந்தத் தண்ணீரை எதிரியாக நினைக்காமல் வேலைக்காரனாக ஆக்கிக் கொண்டவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பச்சை மரத்தில் கைக்கருவிகளால் நாற்காலி செய்தவர்கள். ஆணியும் திருகும் இல்லாமல் அவர்கள் செய்த நாற்காலிகள் நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் உட்காரும் நிலையில் இருக்கின்றன. அவர்கள் தொழில் நடந்த விதம், அது அழிந்து மீண்ட கதை, இன்று அதைக் கற்றுக்கொள்ளும் முறை, அதிலிருந்து நம் கொள்முதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்

பச்சை மரம் என்றால் வெட்டிய ஈரம் காயாத மரம். அதில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, மரத்தின் நுண்குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர். மற்றொன்று, அந்தக் குழாய்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர். மரம் காயும்போது முதலில் குழாய்க்குள் இருப்பது போகும். அதுவரை மரம் எடையில் குறையுமே தவிர அளவில் குறையாது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே சுவரில் ஊறிய நீர் வெளியேறும். மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

இந்தச் சதவீதக் கணக்கை வணிகர்கள் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. ஈரப்பதம் என்பது முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது. 80 சதவீத ஈரமுள்ள கட்டை என்றால், 100 கிலோ மரமும் 80 கிலோ தண்ணீரும் சேர்ந்து 180 கிலோ. அதே கட்டை 12 சதவீதத்துக்கு உலர்ந்தால் 112 கிலோதான் நிற்கும். மீதி 68 கிலோ காற்றோடு போய்விட்டது. அந்த 68 கிலோவுக்கும் சேர்த்துத்தான் நாம் லாரி வாடகை கொடுத்திருக்கிறோம்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரை சில மரங்களின் சுருக்கம் வருமாறு:

அமெரிக்க பீச்: நடுவிலிருந்து பட்டைக்கு 5.5 சதவீதம், வளையத்தை ஒட்டி 11.9 சதவீதம்.
வெள்ளை ஆஷ்: 4.9 சதவீதம், 7.8 சதவீதம்.
தேக்கு: 2.5 சதவீதம், 5.8 சதவீதம்.
ரப்பர் மரம்: 2.3 சதவீதம், 5.1 சதவீதம்.

தேக்கு ஏன் சொன்ன அளவில் நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. சுருக்கத்தில் ரப்பர் மரமும் தேக்குக்கு இளைத்ததல்ல. ஆனால் அது பூச்சியையும் பூசணத்தையும் தாங்காது. அதனால்தான் வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து மருந்தேற்ற வேண்டியிருக்கிறது.

இரு திசையிலும் சுருக்கம் வேறுபடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. பச்சையாக இருக்கும்போது சரியான வட்டமாகக் கடைந்த கம்பு, காய்ந்த பின் வட்டமாக இராது. சிறிது முட்டை வடிவமாகிவிடும். நாற்காலிக் கால் ஆடுவதும் ஆடாததும் இந்த ஒரு குணத்தை அறிந்து வேலை செய்ததா, அறியாமல் செய்ததா என்பதைப் பொறுத்தது.

காட்டில் கால், ஊரில் நாற்காலி

லண்டனுக்கு மேற்கே சுமார் 30 மைல் தொலைவில் ஹை விக்கம் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக் காடுகள் நிறைய உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்த ஊர் விண்ட்சர் நாற்காலிக்குப் பேர்போனது. 1870களில் ஒரு நாளைக்கு 4,700 நாற்காலிகள் இங்கே தயாராயின என்று ஊர் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன.

விண்ட்சர் நாற்காலியின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண நாற்காலியில் பின்னங்காலே மேலே நீண்டு முதுகுச் சட்டமாகும். விண்ட்சரில் அப்படியல்ல. நடுவில் ஒரு தடித்த பலகை இருக்கும். கால்கள் நான்கும் கீழிருந்து அதில் செருகப்படும். முதுகுக் கம்புகள் மேலிருந்து தனியாகச் செருகப்படும். ஆகவே பாகங்களைத் தனித்தனி ஆட்கள் தனித்தனி இடத்தில் செய்து, ஓரிடத்தில் சேர்க்க முடிந்தது.

கால்களையும் குறுக்குக் கம்புகளையும் செய்தவர்கள் காட்டிலேயே வேலை செய்த கடைசல்காரர்கள். அவர்களுக்குப் பாட்ஜர் என்று பெயர். நிற்கும் மரங்களை ஏலத்தில் எடுப்பார்கள். அங்கேயே கொட்டகை போடுவார்கள். மரத்தை வெட்டி, காலின் நீளத்துக்குத் துண்டு போட்டு, ஆப்பு வைத்துப் பிளந்து, கோடரியால் செதுக்கி, இழுவைக் கத்தியால் இழைத்து, கடைசலில் ஏற்றுவார்கள். அவர்கள் கடைசலுக்கு மின்சாரமும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். தலைக்கு மேல் வளையும் ஒரு நீண்ட கொம்பு. அதிலிருந்து இறங்கும் கயிறு கட்டையைச் சுற்றிக் கீழே ஒரு மிதிபலகையில் முடியும். காலால் மிதித்தால் கட்டை முன்பக்கம் சுழலும். காலை எடுத்தால் கொம்பு நிமிர்ந்து திரும்பச் சுழற்றிவிடும். மிதிக்கும்போது மட்டும் உளி வெட்டும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் வாங்கி விற்பவர்களுக்குக் கடைசல் வேலை புதிதல்ல. இது அதன் மிக எளிய வடிவம் என்று கொள்ளலாம்.

பலகை வேலை தனி. எல்ம் மரப் பலகையை வாய்ச்சியால் குழித்து இருக்கையாக்குபவர் ஒருவர். முதுகுப் பலகை அறுப்பவர் ஒருவர். எல்லாவற்றையும் கோத்து நாற்காலியாக்குபவர் இன்னொருவர். எல்ம் மரத்தின் நார் பின்னிக் கிடப்பதால் துளையிட்டு ஆப்படித்தாலும் எளிதில் பிளக்காது. அதனால்தான் இருக்கைக்கு எல்ம். பிளந்தால் நேராகப் பிளப்பதும் கடைசலுக்கு இணங்குவதும் பீச். அதனால் காலுக்கு பீச். வளைவுக்கு ஆஷ் அல்லது யூ. ஒரே நாற்காலியில் மூன்று மரம் இருந்தது அழகுக்காக அல்ல. அந்தந்த வேலைக்கு அந்தந்த மரம் என்பதற்காக.

பாட்ஜர்கள் சரக்கை குரோஸ் கணக்கில் விற்றார்கள். பொத்தான், பென்சில் வியாபாரத்தில் குரோஸ் என்றால் 144 என்பது நமக்குத் தெரியும். அவர்களுடைய குரோஸ் சற்று வேறு: 144 கால்கள், கூடவே 108 குறுக்குக் கம்புகள், ஆக 252 உருப்படிகள். ஒரு நாற்காலிக்கு நான்கு கால், மூன்று குறுக்குக் கம்பு என்று வகுத்துப் பார்த்தால் சரியாக 36 நாற்காலிக்கு வரும். வாங்குபவருக்கு மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

இதில் உள்ள முதலீட்டுக் கணக்கைக் கவனியுங்கள். தடித்த பலகைகளைக் காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது அந்நாட்டு மரக்கடைக்காரர்களின் வழக்கமான கணிப்பு. அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். பாட்ஜருக்கு அந்தச் சுமை இல்லை. பச்சை மரம் மெதுவாக இருப்பதால் கத்தி இலகுவாக ஓடும். மெலிதாகக் கடைந்த கால் சில வாரங்களிலேயே காய்ந்துவிடும். பட்டை, சீவல், கழிவு எல்லாம் காட்டிலேயே நின்றுவிடும். வண்டியில் ஏறுவது விற்கும் சரக்கு மட்டுமே.

தொழில் நின்றதும் மீண்டதும்

இத்தனை சிக்கனமாக நடந்த தொழில் ஏன் நின்றது? தொழிற்சாலைகளிலேயே இயந்திரக் கடைசல் வந்தது. ஒரே அளவில், ஒரே வடிவில் கால்கள் வேகமாக இறங்கின. வாங்குபவருக்குக் காட்டிலிருந்து வரும் காலுக்கும் இயந்திரக் காலுக்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. பாட்ஜரின் பெயர் எந்த நாற்காலியிலும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் தொழில் தேய்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் மிஞ்சினர். கடைசிப் பாட்ஜர்களில் ஒருவராகப் பேசப்படும் சாமுவேல் ராக்கால் 1962இல் மறைந்தார்.

ஊரில் நாற்காலித் தொழில் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920இல் அங்கே தொடங்கப்பட்ட எர்கால் நிறுவனத்துக்கு 1944இல் பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியம் 1,00,000 மலிவு விலை நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. விண்ட்சர் வடிவத்தையே இயந்திரத்துக்கு ஏற்றவாறு மாற்றி அதைச் செய்து முடித்தார்கள். வடிவம் பிழைத்தது; காட்டில் வேலை செய்தவர் பிழைக்கவில்லை.

மீட்சி வந்தது வேறு வழியில். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வழக்கறிஞராக இருந்த ஜென்னி அலெக்சாண்டர் பழைய நாற்காலிகளின் பொருத்துகளை ஆராய்ந்தார். அவை ஏன் தளரவில்லை என்பதைக் கண்டு, ஒரு மரத்திலிருந்து ஒரு நாற்காலி செய்யும் முறையை 1978இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் 2018இல் காலமானார். திருத்திய மூன்றாம் பதிப்பு 2021இல் வந்தது. வட கரோலினாவில் ட்ரூ லாங்ஸ்னர் நடத்திய பயிற்சிக் கூடத்தில் பல்லாண்டுகள் இந்த வேலை கற்றுத் தரப்பட்டது. இங்கிலாந்தில் மைக் அபட் 1989இல் பச்சை மர வேலை பற்றி நூல் எழுதினார். மிதிகடைசல்காரர்களுக்கென்று 1990இல் ஒரு சங்கமும் அமைந்தது. அதே 1990இல் ஜான் பிரவுன் வேல்ஸ் நாட்டுக் கம்பு நாற்காலிகள் பற்றிய தம் நூலைக் கொண்டுவந்தார்.

இவர்களுள் பெரும்பாலோர் பரம்பரைத் தச்சர்கள் அல்லர். பழைய நாற்காலியைக் கையில் எடுத்துப் பார்த்தும், எஞ்சியிருந்த கைவினைஞர்களிடம் கேட்டும் கற்றவர்கள். அறிந்ததை எழுதி வைத்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றும் கொடுத்தார்கள்.

கற்கும் முறை

இன்று ஒரு வாரப் பயிற்சியில் புதியவர் ஒருவர் ஒரு நாற்காலியைச் செய்து வீட்டுக்கு எடுத்துப் போக முடிகிறது. கற்கும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்.

1. தீட்டுதல். எல்லாவற்றுக்கும் முன் கருவியைத் தீட்டக் கற்க வேண்டும். மழுங்கிய கத்தி வெட்டாது; பலம் போட்டுத் தள்ளும்போது கையைக் கிழிக்கும்.

2. மரம் தேர்தல். கிளையும் கணுவும் இல்லாத நேரான அடிமரம் வேண்டும். பட்டையின் வெடிப்புகள் நேராக மேலே ஏறினால் உள்ளே நாரும் நேர். வெடிப்பு திருகிப் போனால் உள்ளே நாரும் திருகல். ஓக், ஆஷ், ஹிக்கரி ஆகியவை விரும்பி எடுக்கப்படும்.

3. பிளத்தல். ரம்பம் தன் போக்கில் நேராகப் போகும். நாரை வெட்டிக்கொண்டு போகும். பிளவு நாரின் போக்கிலேயே போகும். பிளந்த கம்பில் நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் இருப்பதால் மெலிதாக இருந்தாலும் முறியாது. அடிமரத்தை எப்போதும் சரிபாதியாகவே பிளந்துகொண்டு போக வேண்டும். பிளவு ஒரு பக்கம் ஒதுங்கினால், தடித்த பக்கத்தை அழுத்தி வளைத்தால் பிளவு மீண்டும் நடுவுக்கு வரும். இதைப் புத்தகத்தில் படித்தால் புரியாது. கை இரண்டு கட்டைகளைப் பாழாக்கிய பிறகே புரியும்.

4. இழைத்தல். இரு முனையிலும் பிடியுள்ள இழுவைக் கத்தியைத் தன்னை நோக்கி இழுத்துச் சீவுவார்கள். கட்டையைப் பிடிக்க ஒரு பெஞ்சு உண்டு. அதன் மேல் உட்கார்ந்து காலால் மிதித்தால் மேலே ஒரு தலைக்கட்டை இறங்கிக் கட்டையைக் கவ்வும். காலை எடுத்தால் விட்டுவிடும். திருகுப் பிடியை விட இது வேகம். காய்ந்தால் சுருங்கும் என்பதால் வேண்டிய அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே விட்டுச் சீவ வேண்டும்.

5. வளைத்தல். முதுகுச் சட்டங்களை ஈரம் இருக்கும்போதே ஆவியில் வேகவைத்து அச்சில் வளைத்துக் கட்டி விடுவார்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது கணக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் பெரியவர்கள் சொன்னது மரத்துக்கும் பொருந்தும்.

6. உலர்த்துதல். குறுக்குக் கம்புகளைச் சூடான பெட்டியில் வைத்து நன்றாகக் காயவைப்பார்கள். காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தராசுதான் சாட்சி. தினமும் நிறுத்துக் குறித்து வர வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ச்சல் முடிந்தது. காய்ந்த பிறகே துளைக்குள் போகும் முனையை, அதாவது கழுந்தை, இறுதி அளவுக்கு வட்டமாக்க வேண்டும். பச்சையில் வட்டமாக்கினால் முட்டை வடிவம் என்று மேலே சொன்னது இங்கேதான் பயன்படுகிறது.

7. துளையிட்டுக் கோத்தல். கைத்துளைப்பானால் காலில் துளையிட்டு, கம்பைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார்கள். கழுந்து துளையின் அடியைத் தொட்டதும் அடியின் ஓசை மாறும். அந்த ஓசையைக் கேட்டு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி விழுந்தாலும் கால் பிளந்துவிடும்.

8. இருக்கை பின்னுதல். ஹிக்கரி மரத்தின் உள்பட்டை, கோரை, கயிறு ஆகியவற்றில் ஒன்றால் பின்னி முடிப்பார்கள். நம் கயிற்றுக் கட்டில் பின்னலைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

பொருத்தின் இரகசியம்

எட்டுப் படிகளிலும் உயிர்நாடி ஒன்றே: காய்ந்த கம்பு, சற்று ஈரமுள்ள கால். இரண்டையும் ஒரே ஈரத்தில் கோப்பதில்லை. கோத்த பிறகு கால் மெல்லக் காய்ந்து சுருங்கித் துளையை இறுக்கும். நன்றாகக் காய்ந்திருந்த கம்பு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிச் சற்றுப் பருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்வும். கால் மிகப் பச்சையாக இருந்தாலும் கெடுதல். அதிகம் சுருங்கி வெடித்துவிடும். ஓரளவு காற்றில் காய்ந்த நிலையே சரி.

இதற்கு மேல் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கம்பு அதிகம் பருக்கும் திசையைக் காலின் நீளவாக்கில் வைத்துக் கோப்பார்கள். அந்தத் திசையில் கால் மரம் அசையாது, தாங்கிக்கொள்ளும். மாற்றி வைத்தால் பருக்கும் கம்பே ஆப்பாகிக் காலைப் பிளந்துவிடும். இரண்டாவது, பக்கவாட்டுக் கம்பின் துளையை, முன்பே கோத்த முன்கம்பின் கழுந்தில் சிறிது வெட்டும்படி இடுவார்கள். பக்கக் கம்பு உள்ளே போனதும் முன்கம்பு பூட்டப்பட்டுவிடும். வெளியே இழுத்தாலும் வராது.

விண்ட்சரில் வேறு உத்தி. கால் முனை பலகையை ஊடுருவி மேலே தெரியும். அந்த முனையைப் பிளந்து மேலிருந்து ஆப்படிப்பார்கள். ஆப்பு பலகையின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நார்வாக்கில் அடித்தால் பலகை பிளக்கும்.

நம் ஊர்க் கணக்கு

இந்த முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. வாகை போன்ற நம் மரங்கள் பலவற்றில் நார் பின்னிக் கிடப்பதால் நேராகப் பிளக்காது. ரப்பர் மரத்தைப் பச்சையாக வைத்திருந்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். ஆனால் தண்ணீரின் விதி எல்லா ஊருக்கும் ஒன்றே.

மரம் தான் இருக்கும் இடத்துக் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும் அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் இடத்தில் நெடுநாள் கிடந்த மரத்தின் ஈரம் சுமார் 16 சதவீதத்தில் நிற்கும். 65 சதவீதக் காற்றில் சுமார் 12. 50 சதவீதக் காற்றில் சுமார் 9. மழைக்காலத்தில் கடலோர ஊர்க் கிடங்கில் இருந்த நாற்காலி, ஏ.சி. போட்ட வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போனால் 16லிருந்து 9 வரை இறங்கக்கூடும்.

இதன் விளைவைத் தேக்குக்கே கணக்கிடலாம். 30 சதவீத ஈரம் இறங்கினால் 5.8 சதவீதச் சுருக்கம் என்றால், ஒரு சதவீத ஈரத்துக்குச் சுமார் 0.19 சதவீதம். 7 சதவீதம் இறங்கினால் 1.35 சதவீதம். 18 அங்குல அகலப் பலகையில் இது ஏறக்குறைய கால் அங்குலம். அந்தப் பலகையை நகரவிடாமல் நாற்புறமும் பசையிட்டு ஆணியடித்திருந்தால் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. பீச் மரத்தில் 16 மில்லிமீட்டர் கழுந்து இதே இறக்கத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் மெலியும். கால் ஆடுவதற்கு அந்த இடைவெளி தாராளம்.

மரத்தின் ஈரம் பயன்பாட்டுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப எவ்வளவு இருக்கலாம் என்று இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 287 வரையறுக்கிறது. காற்றின் ஈரத்தை வைத்து நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. மொத்தக் கொள்முதல் செய்வோர் ஆர்டர் படிவத்தில் இதைக் குறிப்பிட்டு, ஈரப்பத அளவையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

அ) காலையும் குறுக்குக் கம்பையும் வெளிச்சத்தில் பிடித்து ரேகைகளைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஓடினால் நல்லது. நடுவிலேயே சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும்.

ஆ) உருண்டைக் கம்பை இரு திசையில் அளந்து பாருங்கள். ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் இருந்தால், அது காயும் முன்பே கடையப்பட்டது. கழுந்தும் அப்படித்தான் இருக்க வாய்ப்புண்டு. சப்ளையரிடம் கேளுங்கள்.

இ) பொருத்துகளில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு மாதிரியைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

ஈ) சமமான கிரானைட் தளத்தில் வைத்து நான்கு மூலைகளையும் மாறி மாறி அழுத்துங்கள். பிறகு பின்னங்கால்களில் நிறுத்திச் சாய்த்து, பொருத்துகளில் ஓசை வருகிறதா என்று கேளுங்கள்.

உ) ஈரப்பத மானி ஒன்று வாங்கி வையுங்கள். வந்த சரக்கில் பத்துக்கு ஒன்றையாவது குத்திப் பார்த்து, தேதியுடன் குறித்து வையுங்கள். மானி இல்லாதவர்கள் ஓர் உருப்படியை எடைபோட்டு வைத்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் எடைபோடலாம். எடை தொடர்ந்து குறைந்தால் சரக்கு இன்னும் காய்கிறது என்று பொருள்.

ஊ) கடை வாசலில் வெயிலில் அடுக்காதீர்கள். கிடங்கில் ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தரைக்கும் சரக்குக்கும் நடுவே கட்டை போட்டுக் காற்றோட்டம் விடுங்கள்.

எ) ஏ.சி. அறைக்குப் போகும் சரக்கு என்று தெரிந்தால் ஈரம் குறைந்த உருப்படியைத் தேர்ந்து கொடுங்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதுங்கள்.

கொள்முதலில் ஒரு கவனம்

ஹை விக்கம் பாட்ஜர்கள் வேலை தெரியாமல் அழியவில்லை. பெயரின்றி, குரோஸ் கணக்கில், விலை ஒன்றையே போட்டியாக வைத்து விற்றதால் அழிந்தார்கள். வாங்கிய தொழிற்சாலைக்காரர்களும் காலைப் பார்த்தார்களே தவிர, அதைச் செய்தவரிடம் இருந்த அறிவைப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அந்த அறிவைத் தேடியவர்கள் பழைய நாற்காலிகளைப் பிரித்துப் பார்த்து மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

நம் ஊர்களிலும் கால் கடைந்து கொடுக்கும் கடைசல்காரர், சட்டம் கோக்கும் ஆசாரி, பிரம்பு பின்னுபவர் என்று பலர் நம்மைப் போன்ற கடைகளுக்குச் சரக்குத் தருகிறார்கள். உருப்படிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். எதைக் குறைத்துக் கொடுப்பார்கள் என்பதை யோசிக்க வேண்டும். பெரும்பாலும் மரம் காயவைக்கும் நாட்களைத்தான் குறைப்பார்கள். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து அந்த ஐந்து ரூபாய்க்காகப் பழுதுக் கூலி, வண்டி வாடகை, வாடிக்கையாளரின் நம்பிக்கை மூன்றையும் நாம் கொடுக்கிறோம்.

எனவே முன்பணம் கொடுக்கும்போது, மரம் வாங்கவும் அதைக் காயவைக்கவும் சேர்த்தே கொடுங்கள். தவணை கேட்கும் ஆசாரி "இன்னும் பத்து நாள் காயட்டும் அண்ணாச்சி" என்றால் அவசரப்படுத்தாதீர்கள். செய்தவர் பெயரை நாற்காலியின் அடியில் சிறியதாகக் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் போட்ட பிறகு அவரும் அரைகுறையாகக் கொடுக்க மாட்டார். வாடிக்கையாளரும் பெயர் சொல்லிக் கேட்டு வருவார். அடுத்த சரக்கு இறங்கும்போது ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, கால் ரேகையைப் பார்த்து, தராசில் வைத்து எடையைக் குறித்து வையுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.